ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் வரவு செலவு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் நடுவில் எங்கேயாவது நான் புத்திசாலி என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடும். பிறகு அதைக் கலைப்பது கஷ்டம். நானும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட நான் எடுத்துக்கொண்டது பதினோரு வாரம். தேடலுக்கு ஆன செலவு ஏழாயிரத்து நானூறு ரூபாய். கடைசியில் கண்டுபிடித்த பதில் தப்பு. சில்லறைத் தப்பில்லை, பாதிக்கு மேல் தப்பு. அந்தப் பதிலை, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் சொல்லியும் விட்டேன்.

கேள்வி கேட்டவள் அவள்தான். பிரேசர் டவுனில் ஒரு பரிசோதனை மையத்தில் பதினோரு வருடமாக பில் போடும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அங்கே காது கேட்கும் சோதனைக்குக் குழந்தைகள் வருவார்கள். ஒருநாள் நாலு வயதுப் பெண் ஒருத்தி, இன்னும் பேச்சு வராதவள், உள்ளே போகமாட்டேன் என்று தரையில் படுத்து அழுதிருக்கிறாள். என் மனைவி கவுண்டரை விட்டு வந்து, 'பணம் பெறப்பட்டது' என்று குத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பை அதன் கையில் கொடுத்தாள். குழந்தை தன் முழங்கை, அம்மாவின் துப்பட்டா, சுவர், என் மனைவியின் நெற்றி என்று எல்லா இடத்திலும் பணம் பெற்றுக்கொண்டு, அழுகையை மறந்து உள்ளே போய்விட்டது. மேனேஜர் சுவரைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அன்று நெற்றியில் நீல மையோடு வீட்டுக்கு வந்தவள், அப்புறம் பழைய ஆளாக இல்லை. பேச்சு தாமதமாக வரும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு வருடப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். கண்டுபிடித்தும் விட்டாள். பகல் முழுக்க வகுப்பு. வேலையை விட்டால்தான் சேர முடியும். விண்ணப்பம் கொடுக்க ஜூன் மாதக் கடைசி சனிக்கிழமை வரை நேரம்.

ஏப்ரல் முதல் வாரம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என் சம்பளம் இல்லாம ஒரு வருஷம் நாம ஓட்ட முடியுமா, முடியாதா? 'பார்த்துக்கலாம்'னு சொல்லாதீங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாது, நான் ஒண்ணும் அழப்போறதில்ல."

அழப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்கிறவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். என் சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. விளையாட்டாக எடுத்திருந்தால் ஒரு நோட்டில் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

நோட்டில் எழுதுவதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அடுகோடிப் பகுதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். எத்தனை போல்ட் வந்தது, எத்தனை வாஷர் போனது என்று பகலெல்லாம் நோட்டில் எழுதுகிறவன். ஆனால் மர்பி டவுனில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் ஐ.டி.யில் இருக்கிறேன் என்று நினைப்பு. காரணம், என் லேப்டாப் பை. அதற்குள் சாப்பாட்டு கேரியர் இருப்பதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனில் இலவசமாகக் கிடைக்கும் கணக்கு ஆப் எதையாவது போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன், இரண்டு வருடத்துக்கு முன்பு. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்ட எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தேன். படிக்காமல் 'சரி' கொடுப்பதில் எனக்கு நிகர் நான்தான். பத்து நாள் கழித்து ஒரு பெண் அழைத்தாள். ஹிந்தியில் ஆரம்பித்தாள், என் ஹிந்தியைக் கேட்டதும் இரக்கப்பட்டுக் கன்னடத்துக்கு மாறினாள். "சார், ஒண்ணாம் தேதி சம்பளம் வந்து அன்னைக்கே உங்க அக்கவுண்ட் காலி ஆகிவிடுகிறதே, ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா, ஒரு சின்ன லோன் தரட்டுமா?" என்று கேட்டாள். எந்த ஆப் காட்டிக்கொடுத்தது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது.

கணக்கு காலியாவது உண்மைதான். அது கஷ்டத்தால் அல்ல, எங்கள் ஊர்ப் பழக்கத்தால். நான் கோலார் தங்கவயல்காரன். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பார். அம்மா அதைப் பிரித்து, பீடிக்கும் டீக்கும் அவருக்கு எண்ணிக் கொடுப்பாள். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் பிரித்த கவரோடு வந்த ஆணுக்கு அன்று இரவு சோறு கொஞ்சம் ஆறித்தான் கிடைக்கும். நான் கவர் பார்க்காத தலைமுறை. ஆனாலும் ஒண்ணாம் தேதி முப்பத்தாறாயிரம் சம்பளம் வந்ததும் முழுசையும் போன் வழியாக மனைவிக்கு அனுப்பிவிடுவேன். அவள் வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோலுக்கும் டீக்கும் திருப்பி அனுப்புவாள். இது புரியாத ஒரு மெஷின், என்னைப் பஞ்சப் பராரி என்று முடிவு கட்டி, லோன் பெண்ணிடம் சொல்லிவிட்டது. எத்தனை முட்டாள் மெஷின் என்று நான் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணிடம் ஆலோசனை கேட்டேன். ஈரோட்டுப் பக்கம், நிஜமாகவே ஐ.டி.யில் இருப்பவள். என் பையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஒரே ஆளும் அவள்தான். எலுமிச்சைச் சாத வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. லோன் பெண்ணின் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம கணக்கு நம்ம வீட்டுலயே இருக்கோணும்னா செல்ஃப் ஹோஸ்ட் பண்ணிக்கோங்கண்ணா. ஓப்பன் சோர்ஸ்ல நல்லது நல்லதா இருக்குதுங்க."

அதாவது, யார் வேண்டுமானாலும் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள். காசு கேட்காது. அதை வேறு எவனுடைய கம்ப்யூட்டரிலோ விடாமல், நம் வீட்டிலேயே ஒரு பெட்டி வைத்து அதில் ஓட்டுவது. நம் பணம் எங்கே போகிறது என்பது நம் வீட்டுச் சுவரைத் தாண்டாது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டில் ஒரு சர்வர்! தெரு முழுக்க என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த பொய் அன்றைக்கே கால்வாசி நிஜமாகிவிட்டது.

பெட்டி வாங்க, பழைய கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். கடைக்கார பாய், ஒரு லஞ்ச் பாக்ஸ் அளவு கம்ப்யூட்டரைத் துடைத்து முன்னால் வைத்தார்.

"பெரிய ஆபீஸ்லேர்ந்து வந்த மாலு சார். ஒரே ஓனரு."

"காரா விக்கிறீங்க பாய், ஒரே ஓனர்னு சொல்றீங்க?"

"காரு ரிப்பேர் ஆவும் சார். இது ஆவாது. இன்னாத்துக்கு வாங்குறீங்கோ?"

"வீட்டுக் கணக்கு எழுத."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்ளோ காசு வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டு, நான் எதிர்பார்த்ததைவிட முன்னூறு ரூபாய் ஏற்றிச் சொன்னார்.

பெட்டி, ஒரு கேபிள், மின்சாரம் போனால் தாங்க ஒரு குட்டி யு.பி.எஸ். எல்லாமும் வைஃபை இருக்கும் இடத்தில், அதாவது ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தன. மனைவி வந்து பார்த்தாள். பச்சை விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"சர்வர்."

"இட்லி கொண்டாருமா?"

அதன் பிறகு தேர்வு செய்யும் படலம். இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக் கணக்கு மென்பொருள்கள் இத்தனை இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எதைப் பார்த்தாலும் அதுதான் நல்லது என்று பத்துப் பேரும், அது குப்பை என்று பத்துப் பேரும் இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபதையும் நான் படித்தேன். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், ரூபாய்க் குறி வருமா, லட்சத்துக்குக் கமாவைச் சரியான இடத்தில் போடுமா என்றெல்லாம் பார்த்தேன். இவற்றை ஒப்பிட, கம்ப்யூட்டரிலேயே பதினாலு கட்டம் போட்டு ஒரு பெரிய அட்டவணை தயார் செய்தேன். கட்டங்களுக்கு வண்ணம் கொடுக்க மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மாடிப்பெண் அதை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தாள். பிறகு, "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஷீட்டுலயே கணக்கு எழுதியிருந்தீங்கன்னா போன மாசமே முடிஞ்சிருக்குமுங்க" என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று மென்பொருள்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. முதலாவது ராஜ தர்பார். வரைபடம், வட்டம், பட்டை, என்ன கேட்டாலும் வரையும். அதை நிறுவுவதற்கு முன்னால் வேறு இரண்டை நிறுவ வேண்டும். அந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை. இரண்டாவது நேர் எதிர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரிவரியாக நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. தட்டும்போது முகத்தில் ஒரு விஞ்ஞானிக் களை வருவதாக எனக்கே தோன்றியது. மூன்றாவது, மாத வருமானத்தை அரிசி, வாடகை, பள்ளிக்கூடம் என்று கவர் கவராகப் பிரித்து வைக்கச் சொல்லும் சாதாரண ஆசாமி. பெரிய அலங்காரம் இல்லை. நான் அதைக் கடைசியில் தள்ளியிருந்தேன்.

மே மாதம் முடிந்தது. "ஆச்சா?" என்று மனைவி கேட்பாள். "இன்னும் ஒப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்பேன். நாலாவது தடவை அவள் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, காட்டுங்க. நான் மூணு கேள்வி கேக்குறேன். கவுண்டர்ல நெட்டு வராது. அங்க உக்காந்து போன்ல எழுத முடியுமா?"

ராஜ தர்பாரால் முடியவில்லை. கறுப்புத் திரையை போனில் திறப்பது பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாவது, நெட் இல்லாமல் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு தானே சரிபார்த்துக்கொள்ளும்.

"நான் தப்பா எழுதிட்டா நானே அழிச்சுத் திருத்தலாமா, இல்ல உங்கள கூப்டணுமா?"

மறுபடியும் மூன்றாவதுதான்.

"கடைசிக் கேள்வி. நீங்க செத்துப்போயிட்டா இத நான் தொறக்க முடியுமா?"

பதினாலு கட்டத்தில் அந்தக் கட்டம் இல்லை. பாஸ்வேர்ட் எல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்தது, அதுவும் தினமும் ஒரு எழுத்து இடம் மாறிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"கணக்குன்னா அதுக்குத்தானே. ஆள் இருக்கும்போது ஆளையே கேட்டுக்கலாமே."

இணையத்தில் நான் படித்த அத்தனை சண்டையிலும் இவ்வளவு நல்ல ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பார்த்தோம். கவர்காரனிடம், எழுதியது எல்லாவற்றையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுத்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி வைத்துக்கொள்ளும் வழி இருந்தது. பத்து நிமிடத்தில் தேர்வு முடிந்தது. எட்டு வாரமாக நான் வண்ணம் தீட்டிய அட்டவணையை அழிக்க மனமில்லை. அது இன்னும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது.

மிச்சமிருந்தது கடந்த வருடக் கணக்கை உள்ளே ஏற்றும் வேலை. எங்கள் இரண்டு பேருடைய வங்கிக் கணக்கையும் பன்னிரண்டு மாதத்துக்கு இறக்கி, மென்பொருளுக்குள் தள்ளினேன். அது இறக்குமதிக்கு முன்னால் ஏதோ ஒரு பக்கம் அறிவுரை சொன்னது. என் திறமை உங்களுக்குத் தெரியுமே. 'சரி' கொடுத்தேன்.

மாதச் சராசரிச் செலவு: தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய்.

என் சம்பளம் முப்பத்தாறு, அவள் சம்பளம் பதினேழு. இரண்டும் சேர்ந்து ஐம்பத்து மூவாயிரம் வரும் வீட்டில், கடனே வாங்காமல், தொண்ணூற்று நாலாயிரம் எப்படிச் செலவாகும் என்று, பட்டறையில் ஒரு வாஷர் குறைந்தால் ஊரைக் கூட்டும் நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ஏழாயிரத்து நானூறு ரூபாய் போட்டுக் கொண்டுவந்த பெட்டி சொல்கிறது. நானே துடைத்து, நானே ஃப்ரிட்ஜ் மேல் வைத்த பெட்டி. விலைவாசி இப்படி ஆகிவிட்டதே என்றுதான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அது விண்ணப்பத்துக்குக் கடைசிச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தைய வியாழக்கிழமை. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும், ஸ்கேன் ரிப்போர்ட் முகத்தோடு சொன்னேன்.

"தொண்ணூத்தி நாலாயிரம்."

"எது?"

"மாசச் செலவு. இப்பவே துண்டு விழுது. உன் பதினேழும் நின்னுட்டா..."

வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். கைப்பையிலிருந்து பூர்த்தி செய்த விண்ணப்பத்தை எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் டிராயரில் வைத்து மூடினாள். அழவில்லை. சமையலறைக்குப் போய், அவளோடு சேர்ந்து விண்ணப்பிக்க இருந்த தோழியை அழைத்து, "நான் வரலடி. நீ போய்க் குடுத்துட்டு வா. இல்ல இல்ல, ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சாதாரணமாகப் பேசினாள். அந்தக் குரலின் சாதாரணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதையாவது வெட்டிச் செலவைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். என் டீயை நிறுத்தினால் மாதம் அறுநூறு மிஞ்சும். ஐம்பத்தெட்டாயிரம் பள்ளத்தை அந்த அறுநூறைக் கொண்டு நிரப்பக் கணக்குப் போட்டு, பாதியில் விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம், பட்டறையில் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"நான் கவுண்டர்ல உக்காந்து போன்ல உங்க சர்வர் கணக்கப் பார்த்துக்கினு இருக்கேன். யார் யாருக்கு எவ்ளோ காசு போச்சுன்னு இதுல ஒரு லிஸ்ட் வருது. நம்ம வீட்ல அதிகமா செலவு வைக்கிற ஆளு யாரு, சொல்லுங்க பார்ப்போம்."

"வீட்டு ஓனர்."

"இல்ல."

"பொண்ணோட ஸ்கூலு?"

"இல்ல. நான்."

"நீயா?"

"நான்தான். மாசம் முப்பத்தாறாயிரம், ஒண்ணாம் தேதி ஆனா டாண்ணு வாங்கிக்கினு போயிடுறேன். எனக்கு அடுத்த ஊதாரி யாரு தெரியுமா? பேங்க் ஆர்.டி.ல நாம சேர்த்து வெக்கிற எட்டாயிரம். மூணாவது நீங்க. பெட்ரோலு, டீன்னு நான் திருப்பி அனுப்புற ஆறாயிரம்."

குழாயை மூடினேன்.

"பதினோரு வருஷமா பில்லு போடுறேன்" என்றாள். "ஒரே டெஸ்ட்டுக்கு ரெண்டு பில்லு போட்டா என் சம்பளத்துல புடிப்பாங்க. நீங்க ஒரே காச என் கையில ஒருவாட்டி, உங்க கையில ஒருவாட்டி, கடைக்காரன் கையில ஒருவாட்டின்னு மூணு பில்லு போட்டு வெச்சிருக்கீங்க."

"மெஷின் அப்படிக் காட்டிச்சும்மா..."

"மெஷின் நீங்க குடுத்தத எழுதிச்சு. குடுத்தது யாரு?"

என் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை எங்கள் சொந்தப் பெட்டியே, நான் சிரித்துச் சிரித்துக் கேலி செய்த அந்த லோன் பெண்ணின் மெஷினைப் போலவே, ஊதாரித்தனம் என்று எழுதியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்த மெஷினுக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும்.

பக்கத்து மேஜை நண்பன் என் முகத்தைப் பார்த்து, "ஏனு குரு, ஏன் ஆயித்து?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் விசாரித்தான். "ஒன்றும் இல்லை, ஐம்பதாயிரம் ரூபாய் கிடைத்துவிட்டது" என்றேன். அன்று முழுக்க அவன் எனக்கு ஸ்வீட் வாங்கித் தரச் சொல்லித் தொந்தரவு செய்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். இந்த முறை அந்த அறிவுரைப் பக்கத்தைப் படித்தேன். முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதியிருந்தது: உங்கள் சொந்தக் கணக்குகளுக்கு இடையே நகரும் பணத்தை முதலில் இடமாற்றம் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது செலவாக எண்ணப்படும். யாரோ, எந்த நாட்டிலோ உட்கார்ந்து, என்னைப் போன்றவனை மனதில் வைத்து, சம்பளம் வாங்காமல் எழுதிய பத்தி. ஒரே ஒரு விதியை எழுதி ஒரு பொத்தானை அழுத்தியதும், பன்னிரண்டு மாதத்து இடமாற்றங்களும் செலவிலிருந்து விலகின. பட்டைகள் எல்லாம் குட்டையாகின.

நாற்பத்து நாலாயிரம்.

அவள் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். ஸ்கூட்டர் தவணை நாலாயிரம் ஆகஸ்டோடு முடிகிறது, நாற்பது. அவள் கவுண்டருக்குப் போய் வரும் ஆட்டோவும் மதியச் சாப்பாடும் ஆயிரத்து ஐநூறு. வகுப்பு நடக்கும் இடத்துக்கு என் ஸ்கூட்டரிலேயே போகலாம். வீட்டிலிருந்து டப்பா. முப்பத்தெட்டரை. என் சம்பளம் போகத் துண்டு விழுவது இரண்டாயிரத்து ஐநூறு. ஆர்.டி.யைப் புதிதாகப் போடாமல் நிறுத்தினால், ஏற்கெனவே போட்டது நவம்பரில் முதிர்கிறது. அதில் கட்டணம் கட்டி, ஒரு வருடத் துண்டையும் அடைத்த பிறகும் மிச்சம் நிற்கும்.

பேனாவை மூடினாள். "முடியும்."

"மெஷினும் அதத்தான் சொல்லுது" என்றேன், திரையை அவள் பக்கம் திருப்பி.

"மெஷினக் கேட்டேனா?"

ஆனால் திரையைப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். தன் பேனாக் கணக்கும் திரையும் ஒரே எண்ணைச் சொன்னதில் அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்ததை, அவள் மறுத்தாலும், நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பிறகு டிராயரைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, தோழியை அழைத்தாள். "ஏய், நானும் வரேன்டி. நாளைக்குக் காலையில. ஆமாம், இவருதான். தப்பா கூட்டிட்டாரு."

'இவருதான்' என்ற அந்த ஒரு சொல்லில் என் பதினோரு வார உழைப்பும் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை மழை. விண்ணப்பம் நனையாமல் போக வேண்டும் என்று என் லேப்டாப் பையில் வைத்து எடுத்துப் போனோம். முதல்முறையாக அந்தப் பை ஒரு முக்கியமான காகிதத்தைச் சுமந்தது. வாங்கிக்கொண்ட அம்மையார் காகிதத்தை லேசாக முகர்ந்து பார்த்தார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

அவள் ஜூலையில் வேலையை விட்டாள். கடைசி நாளில் மேனேஜர் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்து, நல்ல வார்த்தை நாலு பேசினாராம்.

இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பெட்டியை ஓட்டுவது அவள்தான். எப்படித் திறப்பது, நகல் எங்கே இருக்கிறது என்பதை அவள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறாள். நான் செத்தாலும் நிற்காது. அந்த அளவுக்கு ஏற்பாடு பக்காவாக இருப்பது சில நேரம் எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. 'அவர் டீ' என்று ஒரு கவர் இருக்கிறது. அதில் மாதம் ஐநூறு. மேலே போனால் அந்தக் கவர் சிவப்பாகும். பட்டறையில் நாலாவது டீ குடிக்கும்போது, சாயங்காலம் வகுப்பு முடிந்து வரும் அவளுக்கு அது சிவப்பாகத் தெரியுமே என்று பாதி டம்ளரை அப்படியே வைத்துவிடுகிறேன். லோன் வேண்டுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

எனக்குச் செய்ய வேறு வேலை கிடைத்தது. இந்த மென்பொருளை எழுதுகிறவர்கள், மற்ற மொழிகளில் உதவிக் குறிப்புகள் எழுத ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். முதல் வரி: 'மனைவிக்கு அனுப்பும் சம்பளம் செலவு அல்ல.' மாடிப்பெண் படித்துவிட்டு, "கணவருக்குங்கிறதையும் சேருங்கண்ணா" என்றாள். சேர்த்தேன். மூன்று வாரம் ஒன்றும் தகவல் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்றுக்கொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு தமிழ் வீட்டில் ஒருவன் தன் மனைவியிடம் தப்பான பதிலைச் சொல்வதற்கு முன்னால் என் வரியைப் படிப்பான். படிக்காமல் 'சரி' கொடுப்பவனாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் போனோடு உள்ளறைக்கு ஓடினேன். அவள் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பி, காதைக் கையால் பொத்திக்கொண்டு எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். என் தமிழ்ப் பக்கம் உலகம் முழுக்கப் போய்விட்டது என்றேன். அரிசிக் கவரில் இந்த மாதம் நானூறு ரூபாய் மிச்சம் என்றேன். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நாம் திட்டத்தைத் தாண்டவில்லை, இந்தப் பட்டையைப் பார், இந்தப் பச்சையைப் பார் என்று போனை அவள் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

போனை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்குப் பரீட்சை, கதவச் சாத்திட்டுப் போங்க."